சும்மா நின்ற எஞ்சினுக்கு மாலை மரியாதை

சாமல்பட்டி வழியாக 1861இலிருந்து ரயில் போய்க்கொண்டிருக்கிறது. நிற்பதைவிடப் போவதே அதிகம் என்பது பக்கத்து ஊத்தங்கரைக்காரர்களின் பரம்பரை வயிற்றெரிச்சல். 1856இல் ராயபுரத்தில் வண்டியைக் கிளப்பிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜவ்வாது மலையை ஒதுக்கி, சேர்வராயன் அடிவாரத்தை உரசி, கிடைத்த சந்தில் தண்டவாளத்தைப் போட்டார்கள். சந்தில் இருந்ததால் சாமல்பட்டிக்கு ரயில் கிடைத்தது. கோட்டையும் கச்சேரியும் வைத்திருந்த கிருஷ்ணகிரிக்குப் புகைகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 தொடங்கி இரண்டு வருஷம் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சர்க்கார் பதறிப்போய் ஒரு கமிஷன் போட்டது. தானியத்தைக் கொண்டுபோக ரயில் இருந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள் என்று 1880இல் கமிஷன் கண்டுபிடித்தது. அதைப் படித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டு, பஞ்ச நிவாரண ரயில் கிருஷ்ணகிரிக்கு வந்து சேர்ந்தபோது வருஷம் 1905. பஞ்சத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினார்கள்.

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று. மறு வருஷம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று. அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. மெயின் லைனில் தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி என்றால் இதற்கு இரண்டரை அடி. பஞ்சப் பிரதேசத்துக்கு அரை வயிறு போதும் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் அந்தக் குட்டி எஞ்சின்கள் மூச்சு வாங்க வாங்க உழைத்தன.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் வங்காளத்துக்கு ஓட்டிப்போக வேண்டியிருக்கிறது. அங்கே கிழக்கிந்திய ரயில்வே என்று ஒரு கம்பெனி. முதல் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கியது. எஞ்சினை ஏற்றிவந்த கப்பல் வழிமாறி ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே யாரும் ஆர்டர் பண்ணவில்லை என்று தெரிந்து, கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தது. இவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகு 1854இல் ஹவுராவில் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வந்து இறங்கியவைதான் ‘எக்ஸ்பிரஸ்’, ‘ஃபேரி குவீன்’ என்ற இரண்டு எஞ்சின்கள். கம்பெனிக் கணக்கில் 21ஆம் நம்பர், 22ஆம் நம்பர்.

இரண்டுக்கும் 1909இல் ஓய்வு கொடுத்தார்கள். வயது 54. சர்க்கார் குமாஸ்தாவுக்கு 55. அதற்குப் பிறகு அவை செய்த ஒரே வேலை நிற்பது. எக்ஸ்பிரஸ் ஜமால்பூரிலும் ஹவுராவிலுமாக நூறு வருஷம் நின்றது. மழை, வெயில், வெள்ளைக்காரன், சுதந்திரம், ஐந்தாண்டுத் திட்டங்கள் எல்லாவற்றையும் நின்றபடியே பார்த்தது.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? பஸ் வந்தது. வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடும் பஸ்ஸோடு இரண்டரை அடி ரயில் எப்படிப் போட்டிபோடும்? 1936இல் கிருஷ்ணகிரி ரயிலை மூடினார்கள். 1941இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஓசூர் லைனுக்கும் மங்களம் பாடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இரும்புக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. சரி, போர் என்றால் தியாகம் செய்யத்தான் வேண்டும். ஆனால் இரண்டே வருஷம் கழித்து, 1943இல், முப்பத்து நாலு வருஷமாக ஒரு முழம்கூட நகராத ஃபேரி குவீனைப் பத்திரமாக ஐக்கிய மாகாணத்துச் சந்தௌசிக்குக் கொண்டுபோய், ரயில்வே பயிற்சிப் பள்ளியில் மாணவர்கள் பார்க்க வைத்தார்களே, அந்த இரும்பு யார் கண்ணிலும் படவில்லையா?

ஓடிக்கொண்டிருந்தது பிரிந்து போயிற்று; நின்றுகொண்டிருந்தது மியூசியத்துக்குப் போயிற்று. நம் நாட்டில் பழைய எஞ்சின்கள் காப்பாற்றப்பட்ட லட்சணம் பெரும்பாலும் இதுதான். உடைப்பதற்கு யாரும் கையெழுத்துப் போடாமல் விட்டதையெல்லாம் பிற்பாடு ‘பாரம்பரியம்’ என்று பெயின்ட் அடித்துக்கொண்டோம்.

ஃபேரி குவீன் 1997இல் மறுபடி ஓடியது; மறு வருஷமே கின்னஸில் ஏறியது. புகழ் வந்தால் திருஷ்டியும் வரும். 2011இல் அதன் பாகங்களைக் கழற்றித் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ராணியை எங்கே அனுப்பிச் சரி செய்வது? பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்குத்தான். அங்கேதான் அதற்கு முன்பே எக்ஸ்பிரஸையும் உயிர்ப்பித்திருந்தார்கள். எக்ஸ்பிரஸில் காணாமல்போயிருந்த பாகங்களைப் புதிதாகச் செய்து மாட்டி, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓடவிட்டார்கள். 155 வயதில் அது மெட்ராஸ்காரராகிவிட்டது. இத்தனைக்கும் உத்தியோக காலத்தில் அது மெட்ராஸ் பக்கமே வந்ததில்லை.

கரி எஞ்சினை ஓட்டுவது சாவியைத் திருகுகிற வேலை இல்லை. முதலில் பாய்லரில் தண்ணீர் நிரப்ப வேண்டும். நெருப்புப் பெட்டியில் விறகு, எண்ணெய்த் துணி, அப்புறம் கரி. அவசரப்பட்டுச் சூடேற்றினால் இரும்பு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் குழாய்கள் ஒழுகும்; ஆகவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அது இறங்கினால் நெருப்புப் பெட்டியின் கூரை சூட்டில் இளகிவிடும். இதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்த பயர்மேன்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அகலப் பாதையில் கரி எஞ்சின் சர்வீஸ் 1995 டிசம்பரோடு முடிந்த கதை. விடியுமுன் தொடங்கி இத்தனையும் செய்து ஆவி ஏறினால், ஒரு பெரிய மனிதர் கொடியசைப்பார். வண்டி எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் போகும். ஜனங்கள் செல்பி எடுத்துக்கொண்டு, முகத்தில் விழுந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டு, மின்சார ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போவார்கள்.

மைசூரில் ரயில் மியூசியம் இருக்கிறது, 1979இலிருந்து. சென்னை ஐ.சி.எஃப்.பில் 2002இலிருந்து, திருச்சியில் 2014இலிருந்து. மாம்பழத்துக்குக் கண்காட்சி நடத்துகிற கிருஷ்ணகிரியில், கரி தின்று மாய்ந்த அந்தக் குட்டி ரயிலுக்கு ஒரு கொட்டகை போட யாருக்கும் தோன்றவில்லை. போட்டாலும் உள்ளே எதை வைப்பது? கமிஷன் அறிக்கையைத்தான் வைக்க வேண்டும். ஓசூர் பரவாயில்லை, பிற்பாடு சேலம்–பெங்களூர் லைன் அந்தப் பக்கமாக வந்து பிழைத்துக்கொண்டது. இப்போது அங்கே லாரியும் பைக்கும் செய்கிறார்கள். ரயிலைத் தின்ற கட்சிக்கே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. கிருஷ்ணகிரியோ 2004இல் மாவட்டத் தலைநகரமாகிவிட்டது. ரயில் ஏற இன்றும் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்.

1941இல் பெயர்த்த மொரப்பூர்–தர்மபுரி பாதையை மறுபடி போடலாம் என்று தீர்மானித்து 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். முப்பத்தாறு கிலோமீட்டர். அடிக்கல்லுக்கு மட்டும் நம் பக்கத்தில் எந்தத் தாது வருஷத்திலும் பஞ்சம் வந்ததில்லை. எல்லாம் கிரானைட் பூமி.