அலமாரிப் புலவர்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வருகிறவர்களுக்கு நாற்காலியைக் காட்டுவதற்கு முன் அலமாரியைக் காட்டுவார். நான்கடி நீளத்துக்கு ஒரே பலகை. நடுவில் தடுப்பு கிடையாது. வைத்தால் ‘செட்’ பிரிந்து போய்விடுமாம். கண் மட்டத்தில், நட்டநடுவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி நிற்கும்: 1924 முதல் 1936 வரை வந்த ஆறு தொகுதிகள், கூடவே 1939-இல் வந்த அனுபந்தம். அதை ஒட்டி இருபுறமும் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. அவற்றின் கீழே பலகை நடுவில் விரற்கடை அளவு தொங்கியிருக்கும். வந்தவர் கண் அங்கே போனதும் அலமாரிப் புலவர் முந்திக்கொள்வார்: “மரத்துல ஏமாத்திட்டான் சார், அந்த ஆசாரி.”

ஆசாரிக்காக வக்காலத்து வாங்கியே ஆகவேண்டும். டெமி அளவில் முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று முந்நூற்றைம்பது, நானூறு கிராம் தேறும். ஓரடிப் பலகையில் பதினைந்து புத்தகம் என்றால் ஆறு கிலோ, நான்கடிக்கு இருபத்துநான்கு. இது முறையாக ஒரே வரிசையில் வைத்தால். அலமாரிப் புலவர் முறையாக வைக்கிறவர் அல்லர். முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை உண்டு. போன சனவரிப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவில் வாங்கியவை இரண்டுக்கும் மேலே படுக்கை வசத்தில் கிடக்கும். ஆக அறுபது கிலோ. ஒரு விருந்தாளி பலகைமேல் ஏறி உட்கார்ந்து, காபி குடித்து முடித்தும் எழுந்து போகாமல் இருப்பதற்குச் சமம். கலைக்களஞ்சியத்தைச் சேர்த்தால் விருந்தாளி குடும்பத்தோடு வந்திருக்கிறார்.

எடை மட்டுமே குற்றவாளி என்றால் புத்தகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் குறைக்கமாட்டார் என்பது வேறு விஷயம். உண்மையில் பலகையை வளைப்பதில் எடையைவிடப் பெரிய கை நீளத்துக்கு உண்டு. அடிக்கு இத்தனை கிலோ என்று பாரம் ஒரே சீராக இருக்கும்போது, தாங்கல்களுக்கு இடையிலான நீளத்தை இரட்டித்தால் தொய்வு இரட்டிப்பதில்லை, பதினாறு மடங்காகிறது. அதாவது நான்கடிப் பலகையின் நடுவில் ஒரு தடுப்பை நிறுத்தினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கனத்துக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு: பலகையின் கனம் பாதியானால் தொய்வு எட்டு மடங்கு. எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் சும்மா இல்லை. சீராகப் பரப்பி வைக்கிற அதே பாரத்தை நட்டநடுவில் குவித்தால் தொய்வு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஓரங்களில், தாங்கலை ஒட்டி வைத்தால் பலகைக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பேரகராதி ஓரத்திலும் கவிதைத் தொகுப்புகள் நடுவிலும் நிற்பதுதான் முறை. ஆனால் நடுவில்தான் விளக்கு வெளிச்சம் விழுகிறது; கவிதைத் தொகுப்பைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதுமில்லை.

இன்னொன்றும் உண்டு. பாரம் வைத்த அன்றைக்கு வளைகிற வளைவோடு மரம் நிற்பதில்லை. பாரம் இறங்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடந்தால் மரம் மெல்ல மெல்ல இளகிக் கொடுத்துக்கொண்டே போகும். பொறியாளர்கள் ‘க்ரீப்’ என்பது இதைத்தான். தூளை ஒட்டி அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டில் இது திடமரத்தைவிட அதிகம். ஈரக்காற்றில் இன்னும் அதிகம், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். பாரத்தை இறக்கினால் ஓரளவு நிமிரும். இறக்குவது யார்? புத்தகம் கீழே இறங்க ஒரே வழி, யாராவது அதை எடுத்துப் படிப்பது. எடுத்துப் படிக்கிறவரின் அலமாரியிலும் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தானே வெளியே இருக்கும், அரைக்கிலோ குறைந்து என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படிக்கிறவருக்கு எது வேண்டாதது என்று தெரிந்துவிடும், கொடுத்துவிடுவார். படிக்காதவருக்கு எல்லாமே இனிமேல் படிக்கவேண்டியவை.

“தேக்கில் செய்திருந்தால் இந்த வம்பே இல்லை” என்பார் அடுத்து. தேக்கு பார்ட்டிகிள் போர்டைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பானது, மறுக்கவில்லை. நடுத்தடுப்பு தருவதோ பதினாறு மடங்கு, காசும் குறைவு. பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிற வித்தையும் அவரிடம் உண்டு. சில மாதம் நேராகத் தெரியும், பிறகு இந்தப் பக்கமும் தொங்கும். நூலகங்களில் வளையவில்லையே என்று கேட்டால், அங்கே பெரும்பாலும் இரும்புத் தட்டு, அதுவும் மூன்றடிக்கு மேல் போகாது. நூலகம் என்றதும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை இழுப்பார். நூலகம் வளர்வதைச் சொல்லும் ஐந்தாம் விதியை மட்டும்தான் இவர் கடைப்பிடிக்கிறார். புத்தகத்தைப் பயன்படுத்தச் சொல்லும் முதல் விதி பின்வரிசையில் எங்கோ இருக்கிறது.

இத்தனைக்கும் பரிகாரம் எளிது. முக்கால் அங்குல பிளைவுட்டானால் இரண்டு, இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல். பலகையின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பசை தடவி ஆணி அடித்தால் விறைப்பு நன்றாகவே ஏறும். பின்பக்கம் சுவரோடு ஒரு ரீப்பரைத் திருகி அதன்மேல் பலகையை உட்காரவைத்தால் பாதிப் பாரத்தைச் சுவர் வாங்கிக்கொள்ளும். கனத்த தொகுதிகள் அடித்தட்டுக்குப் போகட்டும். அலமாரி முன்னால் சாயாது, அந்தத் தட்டுக்குத் தரையிலிருந்தே முட்டும் கொடுக்கலாம். ஆசாரி இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருப்பார். “நடுவுல ஒரு தடுப்பு வச்சிடலாம் சார்” என்றதற்கு, “பார்வையே போயிடும்பா” என்று பதில் வந்திருக்கும். அடித்தட்டைப் பற்றிப் பேசினால் அது அகராதிக்கு அவமானம்.

கடைசியில் அவர் எடுக்கிற முடிவு புது அலமாரி, இந்த முறை ஐந்தடிப் பலகை. அதே கனம், அடிக்கு அதே பாரம் என்றால் அது நான்கடிப் பலகையைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு தொங்கும். ஆனால் அவர் கணக்கு வேறு: பேரகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் பக்கத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் ஒரே வரிசையில் நிற்குமே. குழந்தைகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது.