சூடாகாத எண்ணெய்: பேராக் மாநிலத்துப் பழைய கப்சாய் குறித்த ஓர் அளவையியல் விசாரணை

ஈப்போ வட்டாரத்தில் கப்சாய் எனப்படும் பழைய ஹோண்டா கப் வகை மோட்டார் வைத்திருப்போரிடையே ஒரு கொள்கை வழங்கிவருகிறது. ஊரோ வெயில் ஊர், இஞ்சினோ வயதானது, ஆகவே உள்ளே எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கிறது என்பது அது. இதைக் கொதிப்பு வாதம் என்போம். இந்த மரபின் ஆசிரியர்கள் மோட்டார் கடை பெஞ்சிலும் பக்கத்துத் தேநீர்க் கடையிலும் வாய்மொழியாகவே போதிப்பதால், பின்வரும் ஆய்வாளர்க்குச் சுவடி எதுவும் கிடைப்பதில்லை. இக்கட்டுரை நாட்ட முனைவது கொதிப்பு வாதத்துக்கு நேர் எதிரானது: பேராக்கின் பழைய கப்சாய்க்குப் பெரும்பாலும் கேடு வருவது எண்ணெய் போதிய அளவு சூடாகாததால்தான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களை இங்கே சேர்க்கவில்லை. எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்து எரித்தே விடுகிறவர்களுக்கு அதன் உடல்நலம் பற்றிய கவலை எதற்கு?

கொதிப்பு வாதம் தன் சான்றாகக் காட்டும் கருவி உள்ளங்கை. வண்டியை நிறுத்தி இஞ்சின் அடிப்பாகத்தில் கை வைப்பார்கள், கை பதறி விலகும், தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். கருவியின் அளவெல்லையை யாரும் கேட்பதில்லை. 60 டிகிரி சூடுள்ள உலோகத்தில் மனிதக் கை சில நொடி தங்கினாலே பெரிது. இஞ்சின் எண்ணெய் ஒழுங்காக வேலை செய்வதோ ஏறத்தாழ 80 முதல் 110 டிகிரி வரை. டப்பாவில் 20டபிள்யூ-50 என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதில் பின்னால் வரும் 50 என்ற தரமே 100 டிகிரியில் அளந்த பிசுபிசுப்பைக் கொண்டு தரப்படுவது. ஆக, கை முடியும் இடத்துக்கு அப்பால்தான் எண்ணெயின் நலம் தொடங்குகிறது. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை ஏதுப் போலிகளை வகைப்படுத்தும்போது அநைகாந்திகம் என்று ஒன்றைச் சொல்கிறது: நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்பட்டு, எதையும் நிறுவாமல் போகும் காரணம். கை சுடுவது நோயுற்ற இஞ்சினிலும் உண்டு, நலமான இஞ்சினிலும் உண்டு. அந்நூலின் ஆசிரியர் சாத்தனாரிடம் கப்சாய் இருந்திருந்தால் எடுத்துக்காட்டுக்கு வேறெங்கும் போயிருக்க மாட்டார்.

இவ்வளவு பலவீனமான ஏதுவை மூன்று தலைமுறை ஏன் நம்பியது? விடை, முந்தைய தலைமுறை உழைத்த பால்மரக் காட்டில் இருக்கிறது. பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து விடியுமுன்னே மரம் வெட்டப் போனதற்குக் காரணம், மரத்தினுள் அழுத்தம் அந்தக் குளிர்ச்சியில்தான் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஒழுகும் என்பது. வெயில் ஏறினால் ஒழுக்கு குறையும், வாளி நிறையாது, கிராணியின் கணக்கில் சம்பளமும் நிறையாது. சூடு ஓட்டத்தின் பகை என்பது தோட்டத்தில் அனுபவ உண்மை. அதே உண்மை மாறாமல் இஞ்சினுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்பதே எம் துணிபு. ஆனால் எண்ணெயின் குணம் பாலின் குணத்துக்கு மாறானது. சூடேறினால்தான் அது ஒழுகும், குளிர்ந்தால் தடித்துத் தேங்கும்.

இனி சூடாகாமையின் தீங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது. ஆவியாகப் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்து கொஞ்சம் எண்ணெய்க்குள்ளும் இறங்கும். வளையம் பழையதானால் இறங்குவதும் அதிகம். நீண்ட ஓட்டத்தில் எண்ணெய் நன்கு சூடேறி இந்த நீரை ஆவியாக்கித் துரத்திவிடுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடப்பதில்லை. நீர் தங்கி, எண்ணெய் ஈப்போ வெள்ளைக் காப்பியின் நிறத்துக்கு வந்துசேரும். தோட்டம் இருந்த காலத்தில் பட்டணம் ஆறாம் கட்டையிலோ பத்தாம் கட்டையிலோ இருந்தது. சந்தைக்குப் போய்வந்தாலே எண்ணெய் தன் நீரைக் கக்கிவிடும். பால்மரம் செம்பனையாகி, செம்பனை தாமான் எனும் குடியிருப்பு ஆனபின், கடை, கோயில், சாப்பாடு எல்லாம் தெருமுனைக்கே வந்துவிட்டன. தோட்டத் துண்டாடலின் விளைவுகளை ஆராய்ந்தவர்கள் எண்ணெயின் வெப்பநிலையை விட்டுவிட்டது வருந்தத்தக்கது.

கொதிப்பு வாதிகள் மூன்று தடை எழுப்புவர். வெயிலைக் கணக்கில் கொள்ளவில்லையே என்பது முதலாவது. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பமே 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிசின் சுப்பிங்கில் 40.1 டிகிரிதான். ஈப்போவின் சாதாரணப் பிற்பகலுக்கும் அதற்கும் ஏழெட்டு டிகிரி வேறுபாடு. எண்ணெயிலும் ஏறக்குறைய அவ்வளவே கூடும். இரண்டாவது தடை வலுவானது: ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் வழங்கும் விதி. அதை ஏற்கிறோம். பின்னால் ஒரு மூட்டையும் மைத்துனரும் அமர, தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு இரண்டாம் கியரில் ஏறும் வண்டி மெய்யாகவே கொதிக்கும். காற்று குறைவு, சுமை அதிகம். அங்கேகூட முதல் மருந்து எண்ணெயின் அளவைப் பார்ப்பது. இந்த இஞ்சின் கொள்வதே ஒரு லிட்டருக்கும் குறைவு. கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான். பாதியைக் குடித்துவிட்ட இஞ்சினில் மீதிப் பாதி முழுச் சூட்டையும் சுமக்கிறது. சிலிண்டர் துடுப்புகளில் அப்பிய செம்மண்ணைச் சுரண்டுவது இரண்டாம் மருந்து. இவை இரண்டுக்கும் செலவில்லை என்பதால் மோட்டார் கடை பெஞ்சில் யாரும் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் கூலர் மாட்டச் சொல்வார்கள். தெருமுனைக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டிக்குக் கூலர் மாட்டுவது ஏற்கெனவே நடுங்குகிறவனுக்கு விசிறி வீசுவதாகும்.

மூன்றாவது தடை வீட்டுக்குள்ளிருந்து வருவது. எண்ணெயைச் சூடாக்க வாரம் ஒருமுறை செம்மோர் தாண்டிச் சுங்கை சிப்புட் வரை போய்வர வேண்டும் என்ற எம் முடிபு, வேலையில்லாமல் ஊர் சுற்றுவதற்கு வேதியியல் கற்பித்த சாக்கு என்பர். இத்தடை ஓட்டுநரின் நோக்கத்தைத் தாக்குகிறதே ஒழிய நீரின் ஆவியாதலைத் தாக்கவில்லை. எந்த நோக்கத்தோடு போனாலும் எண்ணெய் சூடாகும். நோக்கம் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் இன்னும் சற்று ஓட்டிக் குவாலா கங்சாருக்கே போகலாம். 1877-இல் நட்ட கன்றுகளில் எஞ்சியது எனப்படும் பால்மரம் அங்கே நிற்கிறது; களப்பணி என்று எழுதிக்கொள்ளத் தடையில்லை. திரும்பி வந்ததும், சூடு ஆறுமுன் பழைய எண்ணெயை வடித்துவிடுவது நல்லது. அடிக்கசடு அப்போதுதான் கூடவே வரும்.