இடமா, வலமா?

கே: மூலக்கூறுக்கும் இடக்கை, வலக்கை உண்டாமே! கை எங்கே இருக்கிறது?

ப: கை இல்லை, கையின் குணம் இருக்கிறது. வலக்கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் இடக்காலில் சேராதல்லவா? ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமர்ந்தாலும் அப்படித்தான்: ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு விதம். கார்வோன் என்ற மணப்பொருளின் ஒரு வடிவம் புதினா போல மணக்கும். மற்றது சீமைச்சோம்பு போல. மூக்கு ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். வேதியியலுக்கு நூறாண்டு பிடித்தது.

கே: ஏன் நூறாண்டு? வேதியியலாளர் பாஸ்டர் 1848-லேயே இரு வடிவங்களையும் பிரித்துவிட்டாரே?

ப: பிரித்தார். டார்ட்ரேட் உப்புப் படிகங்களை உற்றுப் பார்த்து, ஓரத்துச் சிறுமுகம் வலம் சாய்ந்தவை, இடம் சாய்ந்தவை என்று இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். என்ன பொறுமை! ஒரு குவியலின் கரைசல் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் சுழற்றியது, மற்றது இடப்புறம். ஆனால் அணுக்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைச் சுழற்சி சொல்லாது.

கே: அப்படியென்றால் புத்தகத்தில் எதை நம்பிப் படம் வரைந்தார்கள்?

ப: பூவா தலையாவை நம்பித்தான். 1891-ல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் குளுக்கோஸுக்கு இரண்டில் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, மற்றச் சர்க்கரைகளை அதையொட்டி வரைந்தார். சர்க்கரைகளுக்குள் உறவு சரி. மொத்தக் குடும்பமும் தலைகீழாக இருக்கச் சரிபாதி வாய்ப்பு.

கே: எக்ஸ் கதிரிடம் கேட்டிருக்கலாமே?

ப: சாதாரண எக்ஸ் கதிருக்கு இரண்டு பிம்பமும் ஒன்றுதான். படிகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து சிதறிப் படச்சுருளில் விழும் ஜோடிப் புள்ளிகள் ஒரே அளவு கறுக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பைவூட் குழு, டார்ட்ரேட்டில் ருபிடியம் அணுவைச் சேர்த்து, சிர்க்கோனியத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சியது. அந்த அலைநீளத்தில் ருபிடியத்தின் உள் எலெக்ட்ரான்கள் கிளர்ந்து, சிதறும் அலையைச் சற்றே பிசக வைக்கின்றன. ஜோடியில் ஒரு புள்ளி கூடுதலாகக் கறுத்தது, மற்றது வெளிறியது. அந்தச் சின்ன வித்தியாசம் பக்கத்தைச் சொல்லிவிட்டது. சர்க்கரைகளோடு டார்ட்ரேட்டுக்கு உள்ள உறவு ஏற்கெனவே தெரிந்திருந்ததால், 1951-ல் விடை வந்தது: ஃபிஷர் வைத்தது சரி! 1956-ல் சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் அதே பிசகைக் கொண்டு படிகத்தின் கட்டமைப்பையே கண்டறிய வழி வகுத்தார்கள்.

கே: படிகமே ஆகாத பொருளை என்ன செய்வது?

ப: இடச்சுழல், வலச்சுழல் அகச்சிவப்பு ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தனித்தனியே அளந்து, வித்தியாசத்தை வரைவார்கள். இரண்டு வடிவங்களுக்கும் கணினி கணக்கிட்ட வரைபடங்களில் எது அதோடு ஒத்துப்போகிறதோ, அதுவே விடை.