தோற்கத்தக்க அளவு: 2024ஆம் ஆண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் சீசனில் தசமப் புள்ளிக்குப் பின் வந்தவை பற்றிய ஓர் ஆய்வு

சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2024ஆம் ஆண்டு ஐ.பி.எல். சீசனில் 14 ஆட்டம் ஆடி, 7 வென்று, 7 தோற்று, 14 புள்ளியுடன் 5ஆம் இடத்தில் நின்றது. அடுத்த சுற்றுக்கு 4 அணிகள்தான் போகும். ஆகவே வீட்டுக்கு வந்துவிட்டது. விஷயம் இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று விட்டுவிட்டால் ஆய்வு ஏது, ஆய்வாளருக்குப் பிழைப்பு ஏது?

ஆய்வெல்லை மார்ச் 22 முதல் மே 18 வரை. முன்னாய்வுகள் ஏதுமில்லை. (எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் இந்த வாக்கியம் இருக்கிறது. நூலகத்துக்குப் போகாதவர் எல்லோருக்கும் இது கைகொடுக்கும்.) முதன்மைச் சான்று புள்ளிப்பட்டியல். அதைவிட நம்பகமானது 'சலூன் நாட்காட்டிச் சுவடி': ஏப்ரல், மே மாதத் தினத்தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு. சவரக் கிரீம் படிந்த இடங்களில் எழுத்துச் சிதைவு உண்டு. மற்றொன்று 'மாமா குரல்பதிவு', இரண்டு பாகம். முதற்பாகத்தில் பெரும்பகுதி மிக்ஸி ஓசை.

இயல் 1: தலைமை

மார்ச் 21 அன்று ருதுராஜ் கெய்க்வாட் அணித்தலைவர் ஆனார். மறுநாளே சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம். வரலாற்றில் முடி துறந்த மன்னர்கள் காட்டுக்குப் போனார்கள், அல்லது வடக்கிருந்தார்கள். இங்கே தோனி முடியைக் கொடுத்துவிட்டு விக்கெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். புதியவர் 583 ரன் அடித்தார். அதே சேப்பாக்கத்தில் லக்னோவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 108 எடுத்தார். ஸ்டாய்னிஸ் ஆட்டமிழக்காமல் 124 எடுத்து அதை அழித்தார். டாஸ் பற்றிக் கூறாமல் விடுவதே மரியாதை.

இயல் 2: பந்துவீச்சு

முஸ்தபிஸுர் நாட்டுக்கு ஆடப் போனார், பதிரண காயத்தோடு ஊருக்குப் போனார். மற்றவை வெளிப்படை.

இயல் 3: பீல்டிங்

சான்றுகள் கிடைக்கவில்லை.

இயல் 4: தோனி எத்தனையாவதாக இறங்கினார்

தரம்சாலாவில் மே 5 அன்று 9ஆவதாக இறங்கினார். ஹர்ஷல் படேல் வீசிய முதல் பந்திலேயே ஸ்டம்ப் போயிற்று. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிரே வெற்றிக்கு 3 ரன் இருக்கையில் ஜடேஜா தான் இறங்குவதுபோல் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிப் போக, பிறகு தோனி வந்தார். அந்த இரண்டடிக்கு எழுந்த கூச்சல் பல சிக்ஸர்களுக்கும் எழவில்லை. சொந்த அணி ஆட்டக்காரர் அவுட்டானால் சொந்த ஊரே கைதட்டுவது உலகில் வேறெங்கும் உண்டா என்பதைச் சமூகவியலார் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் வேலை வேண்டும்.

இயல் 5: தசமப் புள்ளி

இனிதான் ஆய்வு. அந்த ஆண்டு 14 புள்ளியில் நான்கு அணிகள் நின்றன: பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ. புள்ளி சமமானால் நிகர ரன் விகிதம் பார்ப்பார்கள். அதாவது ஓர் அணி ஓவருக்கு அடித்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிப்பது. ஆல் அவுட் ஆனால் எத்தனை பந்து ஆடியிருந்தாலும் முழு 20 ஓவர் என்றே கொள்ளப்படும். பெங்களூரு 0.459, சென்னை 0.392. வேறுபாடு 0.067.

சூத்திரம் எளிது. உரைகள்தான் பல. சலூன் சுவடியின் முதல் உரைகாரர் வகுக்கவேண்டிய இடத்தில் பெருக்கி, சென்னை ஏற்கெனவே இறுதிப் போட்டியில் இருப்பதாக நிறுவுகிறார். இரண்டாம் உரைகாரர் 18.4 ஓவர் என்பதைப் பதினெட்டே முக்காலாகக் கொள்ளாமல் அப்படியே கால்குலேட்டரில் தட்டியவர். 4 பந்து என்பது ஓவரில் மூன்றில் இரண்டு பங்கு என்று மூன்றாமவர் திருத்த, அன்று சலூனில் பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து போனதாகச் செவிவழிச் செய்தி. (முக்கால் என்று நான் மேலே எழுதியதும் தவறான பாடமே. அது இரண்டாம் உரைகாரர் தரப்புக்கு நான் கொடுத்த சலுகை.)

மே 18, பெங்களூரு சின்னசாமி மைதானம். எதிரணியான பெங்களூரு தன் முதல் 8 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்று, பிறகு வரிசையாக 5 வென்று வந்திருந்தது. அன்று 218 அடித்தது. சென்னைக்கு வெற்றி இலக்கு 219. ஆனால் 201 எடுத்தால் போதும், தோற்றாலும் உள்ளே. 17 ரன்னுக்கு மேல் தோற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஏன் 201? இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடும்போது ஒரே ரன் இரண்டு வேலை செய்கிறது. சென்னை விகிதத்தை ஏற்றும், பெங்களூரு விகிதத்தை இறக்கும். சீசன் முழுக்க ஆடிய ஓவர் ஏறக்குறைய 275. 10 ரன்னை அதால் வகுத்தால் சுமார் 0.036, இரட்டித்தால் 0.072. வேறுபாடான 0.067ஐத் தாண்டிவிடும். 9 ரன்னில் தாண்டாது. சென்னை எடுத்தது 191. அந்த 10 ரன் எங்கே என்பதே தமிழகம் அன்றிரவு கேட்ட கேள்வி.

இதில் கவனிக்கவேண்டியது, அன்று அணிக்கு வேண்டியிருந்தது வெற்றியன்று, ஒழுங்கான தோல்வி. ஆநிரை கவர்வதற்கும் மீட்பதற்கும், மதில் வளைப்பதற்கும் காப்பதற்கும் தனித்தனித் திணை வகுத்துப் பூச்சூட்டிய நம் இலக்கணம், அளவறிந்து தோற்பதற்கு ஒரு துறை வகுக்கவில்லை. வகுத்திருக்கும், கடல் கொண்டிருக்கும் என்று ஒரு சாரார் சொல்வர். எது கிடைக்காவிட்டாலும் கடல்மேல் பழிபோடுவது நம் ஆய்வுலகின் நெடுநாள் வழக்கம். கடலும் இதுவரை மறுப்புக் கட்டுரை எழுதவில்லை. ஆகவே இத்துறையைப் புதிதாக முன்மொழிகிறேன். பூ எது என்பதில் பூசல் வரும். மஞ்சளாக இருக்கவேண்டும் என்பதில் வராது. ஆவாரம்பூ என்பது என் துணிபு. சர்க்கரைக்கும் நல்லது.

இயல் 6: அந்த சிக்ஸர்

கடைசி ஓவர், யஷ் தயாள் கையில் பந்து. வெற்றிக்கு 35, தகுதிக்கு 17. முதல் பந்தைத் தோனி அடித்தார். 110 மீட்டர், மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. இனி 5 பந்தில் 11. இரண்டாம் பந்தில் தோனி கேட்ச். அடுத்த நான்கு பந்தில் ஷர்துலும் ஜடேஜாவும் சேர்ந்து எடுத்தது 1.

இந்த சிக்ஸர் நன்மை செய்ததா தீமை செய்ததா என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. ஈரப்பந்து மரபினர், 17 என்பதை 11 ஆக்கியது சிக்ஸர், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பர். அறிவுடையார் கூற்று. ஆகவே நெடுநாள் நிற்காது. காய்ந்த பந்து மரபினர் சொல்வது வேறு. அன்று மழை வந்து ஆட்டம் நின்று தொடங்கியது, பந்து ஈரமாகி வழுக்கியது, முதல் பந்து கால்பக்கம் ஃபுல்டாஸாகப் போனதே அதனால்தான். பந்து வெளியே போனதும் நடுவர் காய்ந்த பந்து ஒன்றைக் கொடுத்தார். காய்ந்த பந்து விரலில் பிடிபட்டது, மெதுபந்து விழுந்தது, சீசன் முடிந்தது. இம்மரபின் மூலவர் தினேஷ் கார்த்திக், பெங்களூரு விக்கெட் கீப்பர், பிறந்த ஊரோ சென்னை. தோனி பந்தை வெளியே அடித்ததுதான் அன்று நடந்த மிக நல்ல காரியம், புதுப் பந்து கிடைத்தது என்ற கருத்தை ஆட்டம் முடிந்து அவரே ஓய்வறையில் சொன்னார். களத்தில் நின்ற ஒருவரே சொன்ன பிறகும் உரைகள் நிற்கவில்லை. ஆசிரியரைக் கேட்டு முடிவுசெய்வது ஆய்வு நெறி ஆகாது.

காய்ந்த பந்து மரபிலிருந்து கிளைத்ததே 'மிகைத் தொலைவுக் கோட்பாடு'. 90 மீட்டர் அடித்தாலும் 6 ரன்தான், 110 மீட்டர் அடித்தாலும் 6 ரன்தான். 90 என்றால் பந்து பார்வையாளர் மாடத்தில் விழும். ஒருவர் எடுத்து, முத்தமிட்டு, படமெடுத்து, மனமில்லாமல் திருப்பி எறிவார். ஈரம் குறையாது, முத்தத்தால் சற்றுக் கூடவும் செய்யலாம். ஆக ரன் எதுவும் தராத கடைசி 20 மீட்டரே சீசனைக் கொன்றது. இக்கோட்பாட்டுக்கு ஆதாரம்: சலூன் நாட்காட்டிச் சுவடி, மே மாதம், 'தொலைவுப் படலம்', ராகுகால வரிக்குப் பின்பக்கம், இடமிருந்து இரண்டாம் பத்தி, அடித்துத் திருத்திய பாடம். கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் காற்றின் திசையையும் சேர்க்கவில்லை என்று இதற்கு மறுப்பு: 'மாமா குரல்பதிவு', இரண்டாம் பாகம், 'தோனிக்கே சொல்லித் தருகிறாயா' என்பது தொடங்கிக் குக்கரின் மூன்றாம் விசில் வரை. விசில் மூன்றா நான்கா என்பதில் பாடபேதம் உண்டு. நான்கு என்பது அத்தை பாடம். அடுப்பை அணைத்தவர் அவரே ஆதலால் அதையே கொள்க. விசில் அணியின் முழக்கமாகவும் இருப்பதால் இவ்வேறுபாட்டைச் சிறிதென்று தள்ளலாகாது. தனி ஆய்வேடு எழுத இடமிருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் உடைய இதழில் பணம் கட்டினால் மறுவாரமே அச்சாகும், சான்றிதழ் தபாலில் வரும்.

இவ்விரு மரபினரும் ஒரே கருத்தரங்கில் அமர்வதில்லை. அமர்ந்தால், ஒருவர் பேச எழும்போது மற்றவர் தேநீருக்கு எழுவார். உண்மையான துறைகளிலும் இப்படித்தான். அங்கே தேநீர் மட்டும் சற்று மோசம்.

இயல் 7: 10 ரன் வேறெங்கே போயிற்று

பெங்களூரில் மட்டுமே தேடுவது குறுகிய பார்வை. மே 12 அன்று சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் 141 எடுத்தது. சென்னை அதைத் துரத்தி 18.2 ஓவரில் முடித்தது. களம் மந்தம், அவசரமில்லை, ஜடேஜா பீல்டருக்கு இடையூறு செய்ததாக அவுட் கொடுக்கப்பட்டு வெளியேறினார், ரசிகர்கள் நிம்மதியாகச் சோறுண்ணப் போனார்கள். அதே ஆட்டத்தை 16 ஓவரில் முடித்திருந்தால், மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்து பெங்களூரில் 27 ரன்னில் தோற்றிருந்தாலும், சென்னை விகிதம் 0.47ஐ ஒட்டி வந்து 0.459ஐத் தாண்டியிருக்கும். இதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன், இக்கட்டுரையில் வம்பில்லாத ஒரே பகுதி இது. ஆனால் எந்தச் சுவடியிலும் இது பற்றி ஒரு வரி இல்லை. வென்ற ஆட்டத்தை யாரும் ஆராய்வதில்லை. சிக்ஸரில் இருக்கும் சோகம் தொட்டுத் தொட்டு எடுத்த ஒற்றை ரன்னில் இல்லை, சோகம் இல்லாத இடத்துக்கு நிதியும் வராது.

மேலாய்வு

அடுத்த ஆண்டு இத்துறை செழிக்கும் என்று நம்பிப் புது பென்சில் சீவி வைத்திருந்தோம். 2025இல் சென்னை 14 ஆட்டத்தில் 4 மட்டும் வென்று, வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. ஏப்ரல் மாதம் முடியும் முன்பே வாய்ப்பு பறிபோயிற்று. வகுக்க எதுவுமில்லை, தசமப் புள்ளியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மே மாதத் தாள்களின் பின்பக்கம் முழுக்க வெறுமை, ஓரிடத்தில் மட்டும் இரண்டு சவரத்துக்கான கடன் பாக்கி குறிக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டாம் உரைகாரருடையது என்பது கையெழுத்து ஒப்பீட்டில் உறுதியாயிற்று. கூட்டுத்தொகை தவறு.