கடைசிப் பாட்டின் வேலை

கேள்வி: ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு என்ன தகுதி வேண்டும்?
– வாசகர், சித்தையன்கோட்டை

பதில்: இருப்பதிலேயே பெரிய பாட்டைக் கடைசியில் வைத்தால் போதும் என்பவர்கள் கர்நாடகக் கச்சேரியைக் கவனிக்க வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய முறையில் கனமான உருப்படியும் தனி ஆவர்த்தனமும் முன்பே முடிந்துவிடும். பிறகு துக்கடாக்கள். இறுதியில், பெரும்பாலும் சௌராஷ்டிர ராகத்தில், சிறியதொரு மங்களம். அதில் யாரும் வித்தை காட்டுவதில்லை. ஆனால் அதைப் பாடாமல் எழுந்தால் கச்சேரி அறுந்து நிற்கும். அதற்குப் பின் இன்னொரு பாட்டைக் கேட்க மனம் ஒப்பக்கூடாது. கடைசிப் பாட்டுக்கு வேண்டிய தகுதி அதுதான்.

பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) ஆல்பம் பிரம்மாண்டமாகத்தானே முடிகிறது என்பீர்கள். அதன் கடைசிப் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா உச்சிக்கு ஏறுவது உண்மை. ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை. பல பியானோக்களில் ஒருசேர அழுத்திய ஒற்றை ஈ மேஜர் கார்டு 40 விநாடிக்கு மேல் தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. பாட்டை முடித்துவைப்பது அந்தத் தேய்வே. இசைத்தட்டின் உட்சுற்றுகளில் ஒலித்தரம் குறையும். அதனால் ஆரவாரமில்லாத பாட்டுகளைப் பக்கத்தின் கடைசியில் வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் அக்காலத்தில் இருந்தது.

ஷஃபிளில் கேட்கும் காலத்தில் வரிசை எதற்கு? கலைத்துக் கேட்டாலும் பாட்டு இனிக்கும். ஆனால் முடிவு என்ற ஒன்று கிடைக்காது. நம் சினிமா ஆல்பங்கள் பல, அந்த இடத்தைத் தீம் மியூசிக்குக்கோ வேறு குரலில் அதே பாட்டுக்கோ கொடுத்துவிடுகின்றன. இது பெரிய இழப்பு. இசையமைப்பாளர்கள் அந்த இடத்துக்கென்றே ஒரு பாட்டு எழுத வேண்டும். நீங்களும் பிடித்த ஆல்பம் ஒன்றை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.