உப்பு: தேவையான அளவு

தமிழ்ச் சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: உப்பு, தேவையான அளவு. எழுதியவர் அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அதை டேட்டாபேஸில் ஏற்ற உட்காருகிறவன்தான் மாட்டிக்கொள்வான். அளவு என்ற கட்டம் எண் கேட்கும். இவரிடம் எண் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் ‘நல்’ என்று போட்டுவிடுவது எங்கள் தொழில் வழக்கம். மதிப்பு இன்னதென்று தெரியாது என்று அர்த்தம். அதைப் பத்தால் பெருக்கினாலும் தெரியாததுதான் விடை. நாலு பேருக்கும் தேவையான அளவு, நானூறு பேருக்கும் தேவையான அளவு. என் மென்பொருளின் பெருக்கலில் இன்றுவரை ஒரு புகாரும் வராத இடம் அது ஒன்றுதான்.

கோவையில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சமையல் குறிப்பு ஆப் ஒன்றைத் தனி ஆளாக எழுதி விற்கிறேன். புரோகிராமர், டெஸ்டர், விளம்பர மேலாளர், கஸ்டமர் கேர் எல்லாம் அடியேன்தான். மாதக் கடைசியில் இத்தனை பேரும் ஒரே சம்பளத்துக்கு அடித்துக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் என் தொழிலை விளக்குவது என் மனைவியின் பொறுப்பு. “சாஃப்ட்வேர்லதான் இருக்காரு, ஆனா வீட்டுலயே இருக்காரு” என்பாள். கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்காமல் அவள் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள்.

சமையல் குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் யோசனை எனக்கு முதலில் வந்ததல்ல. மனிதன் நிலாவில் கால் வைத்த 1969இலேயே அமெரிக்காவின் நீமன் மார்கஸ் கடை, தன் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலில் ஹனிவெல் கம்பெனியின் ‘கிச்சன் கம்ப்யூட்டர்’ ஒன்றைப் போட்டது. விலை 10,600 டாலர். எடை நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல். முன்பக்கம் காய் நறுக்க ஒரு பலகை. கேள்வியை வரிசையாக இருக்கும் சுவிட்சுகளைத் தட்டித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பதில் விளக்குகள் எரிந்து அணைவதில் வரும். இதைப் புரிந்துகொள்ள வீட்டம்மாவுக்கு இரண்டு வாரப் புரோகிராமிங் வகுப்பும் விலையில் அடக்கம். ஒன்றுகூட விற்றதாகச் சான்று இல்லை. அதன் பிறகும் வீட்டுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்டபோதெல்லாம், “சமையல் குறிப்பைப் போட்டு வைக்கலாமே” என்றே விற்பனையாளர்கள் சொல்லி வந்தார்கள். அவர்களில் ஒருவரும் அடுப்படிப் பக்கம் போனதில்லை என்பது என் துணிபு. தினமும் சமைக்கிறவர் எவர் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறார்?

இருந்தாலும் டாஸ் காலத்தில் ‘மீல் மாஸ்டர்’ என்ற மென்பொருள் நன்றாகவே ஓடியது. முதலில் பயன்படுத்திப் பார், பிடித்தால் பணம் அனுப்பு என்ற ஷேர்வேர் முறையில் விற்றது. அதிலிருந்து வெளியே எடுத்த குறிப்பு பெரும்பாலும் ஆங்கில ‘எம்’ எழுத்தை ஐந்து முறை அடுக்கித் தொடங்கி, அதே ஐந்து ‘எம்’மில் முடியும். ஆட்களுக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்கவும் அதில் வசதி இருந்தது. கத்தரிக்கோலுக்குக் கூர் எப்படியோ, சமையல் மென்பொருளுக்கு இந்தப் பெருக்கல் அப்படி. அதைத் தமிழ்ச் சமையலுக்குக் கொண்டுவரத்தான் நான் புறப்பட்டேன்.

அரிசி, பருப்பு வரைக்கும் சமர்த்தாகப் பெருகும். குக்கரில்தான் வம்பு. நாலு பேருக்கு மூன்று விசில் என்றால் நாற்பது பேருக்கு முப்பது விசில் என்பது கணக்குப்படி சரி. அப்படி விட்டால் பருப்போடு அக்கம்பக்கத்தாரும் குழைந்துவிடுவார்கள். குக்கருக்குள் சுமார் 120 டிகிரியில் எவ்வளவு நேரம் வேகிறது என்பதுதான் விஷயம். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. பொரிக்கிற எண்ணெய் ஆள் கணக்கைப் பார்க்காது, வாணலியின் ஆழத்தைப் பார்க்கும். மிளகாய்க்குத் தனிக் குணம்; பத்து மடங்கு சமையலுக்குப் பத்து மடங்கு மிளகாய் போட்டால் பந்தியில் தண்ணீர் போதாது. பிரிஞ்சி இலை ஒன்றேகால் என்று வந்தால் அந்தக் காலை யார் கிழிப்பது? ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விதி எழுத வேண்டியிருந்தது. அந்த விதிகள் சமையல் குறிப்புகளைவிட நீளம்.

புளிக்கு வருவோம். நம் ஊரில் புளியின் அளவு பழக்கடையில் இருக்கிறது. ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு, குழம்புக்கு எலுமிச்சை அளவு. பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. எட்டு நெல்லிக்காய் அளவுப் புளியைச் சேர்த்து உருட்டினால் உருண்டையின் குறுக்களவு இரண்டே மடங்குதான் ஆகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, ஆள் கூடக் கூடக் காயையும் பெரிதாக்கும்படி எழுதினேன். ஐம்பது பேர் வரை சாத்துக்குடியில் நின்றது. பிறகு தேங்காய் வந்தது. ஒரு கல்யாணத்துக்கு “பூசணிக்காய் அளவு புளி” என்று திரையில் பார்த்தபோது, விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துவிட்ட திருப்தி எனக்கு. மனைவிதான், “கிலோன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்றாள்.

டம்ளர் இன்னொரு தலைவலி. ஆப்பை முதன்முதலில் திறந்ததும் ‘உங்கள் வீட்டு டம்ளர் எத்தனை மில்லி?’ என்று கேட்கும்படி வைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க அம்மாவிடம் கொடுத்தேன்.

“எந்த டம்ளர்டா கேக்குது? காபி டம்ளரா, அரிசி அளக்கற டம்ளரா?”

“அரிசி டம்ளர்தாம்மா.”

“அது உங்க பாட்டி வீட்டுது. நசுங்கியிருக்கும். நசுங்கினதோட சேர்த்துதான் அளவு.”

இப்போது அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன்.

விற்பனை என்று வந்தால், முன்னூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் குறைவு என் விலை. ஒரு தடவை கட்டினால் போதும். “யூடியூப்ல சும்மாவே வருதே தம்பி” என்பார்கள். உண்மைதான். சும்மா வருவதோடு போட்டி போடுவதற்கு, நான் ஆப்பிளுக்கு வருடாவருடம் 99 டாலர் கட்டுகிறேன். கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர். ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்குத் தகுந்தபடி ஆப்பை மாற்றியும் கொடுக்க வேண்டும். மீனாட்சி அம்மாள் 1951இல் கொண்டுவந்த ‘சமைத்துப் பார்’ இன்றும் விற்கிறது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் புத்தகம் யாரிடமும் “அப்டேட் செய்யவும்” என்று கெஞ்சியதில்லை. சார்ஜ் வேண்டாம். கடுகு தெறித்தால் துடைத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பத்தில் அதை மிஞ்ச எனக்கு வழி தெரியவில்லை.

கஸ்டமர் கேர் எண்ணும் என் எண்தான். ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு ஓர் அம்மா கூப்பிட்டார்.

“தம்பி, உங்க ஆப் பார்த்துதான் சாம்பார் வெச்சேன். உப்பு கரிக்குது.”

“ஆப்ல உப்பு ‘தேவையான அளவு’ன்னுதானுங்கம்மா இருக்கும்?”

“அதான் போட்டேன். இப்ப என்ன பண்றது? பன்னெண்டு மணிக்கு அவரு வந்துருவாரு.”

உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொன்னேன். கொஞ்சம் பருப்பு வேகவைத்துச் சேர்க்கவும் சொன்னேன். லைனிலேயே இருந்தார். அரை மணி நேரம் ஒரு சாம்பாரின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ‘சார் நல்லா சமைக்கிறார்’ என்று விமர்சனம்.

இந்தத் தொழிலில் எனக்கு வழி காட்டியவர் ஒரு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். மண்டபத்தின் பின்கட்டில், கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்து, என் போனை வாங்கிப் பார்த்தார். ஐந்நூறு பேருக்கு மளிகை லிஸ்ட் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“பெருங்காயம் நூத்தி முப்பத்தேழரை கிராமா? கடைக்காரன் சிரிப்பானுங்க தம்பி. அம்பது கிராம் டப்பா மூணுன்னு போடுங்க. எண்ணெய் டின் கணக்கு. அரிசி சிப்பம். கடைல எப்படி இருக்கோ அப்படிக் கேக்கோணும்.”

எழுதிக்கொண்டேன்.

“அப்புறம் ரெண்டு லிஸ்ட் வேணும். ஒண்ணு எனக்கு. ஒண்ணு கல்யாண வீட்டுக்காரங்களுக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களேண்ணா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஐந்நூறு பேர்னு சொல்லுவாங்க. எழுநூறு எலை விழும். பத்தலைன்னா யாரைத் திட்டுவாங்க? அவங்க லிஸ்ட்ல கொஞ்சம் தாராளமா இருக்கோணும் கண்ணு.”

மிச்சம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே ‘தாராளம்’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். பத்து சதவீதம், இருபது, முப்பது என்று நகர்த்திக்கொள்ளலாம். என் மென்பொருளில் நான் எழுதியதிலேயே எளிமையான பகுதி அது. விதியெல்லாம் கிடையாது, வெறும் பெருக்கல்.

புறப்படும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். “இந்தச் செய்முறையெல்லாம் எதுக்குங்க தம்பி? போன்ல இடத்தை அடைக்குது. எடுத்துருங்க.”

எடுத்துவிட்டேன். ஒரு குறிப்புகூட இல்லாமல் மளிகை லிஸ்ட் மட்டும் போடுகிற ஆப் ஒன்றைத் தனியாக வெளியிட்டு, மூன்று மடங்கு விலை வைத்தேன். சமையல் கான்ட்ராக்டர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வாங்குகிறார்கள். யூடியூபில் சும்மா வருகிறது என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. போன வாரம் மட்டும் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: “ஆப் அருமை. ஆனா ரவா தோசை எப்படிச் சுடறதுன்னு எங்க தேடியும் இல்ல.”