போஸ் ஒடுக்கம்: ஒரு குடும்பப் பெயரின் இயற்பியல்

கொல்கத்தாவில் போஸ்கள் ஏன் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்பதை வரலாற்றுத் துறையினர் கண்டுகொள்ளவில்லை. எனவே இயற்பியலின் கதவைத் தட்டினோம். துகள்களில் இரண்டு வகை. ஃபெர்மியான்கள் ஒரே நிலையில் இருவராக இருக்கச் சம்மதிக்காதவை. போசான்களோ எத்தனை வந்தாலும் நெருக்கியடித்து உட்காருபவை. இவற்றுக்கு சத்யேந்திரநாத் போஸின் நினைவாகப் பெயரிட்டவர் டிராக். துகளின் குணமே குடும்பத்தின் குணம் என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்று: பிரெசிடென்சி கல்லூரி, 1913 முதல் 1915 வரை. ஜகதீஷ் சந்திர போஸ் அங்கே பேராசிரியர். சத்யேந்திரநாத் மாணவர். 1913இல் வந்து சேர்ந்த இளைஞர் சுபாஷ் சந்திர போஸ். செடிகொடிகளுக்கும் உணர்வுண்டு என்றவர், 1924இல் ஐன்ஸ்டைனையே தம் கட்டுரையை ஜெர்மனில் மொழிபெயர்க்க வைத்தவர், இந்திய தேசிய ராணுவத்தை நடத்தியவர் என மூவரும் ஒரே கூரையின் கீழ்! 1915இல் முன்னவர் இருவரும் விடைபெற்றார்கள், ஒருவர் ஓய்வாலும் மற்றவர் முதல் மாணவராகத் தேறியும். 1916இல் ஓட்டன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் சுபாஷும் வெளியேற்றப்பட்டார். சூடேறினால் ஒடுக்கம் கலையும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஐயவாதிகளுக்கு இன்னொன்று. போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கம் ஆய்வகத்தில் முதலில் கைகூடியது 1995இல். டம்டம் விமான நிலையம் சுபாஷின் பெயரை ஏற்றதும் அதே 1995இல். தற்செயல் என்பவர்கள் ஆராய்ச்சிக்கு மானியம் கேட்டுப் பழகாதவர்கள்.

கோஷ்களும் மித்ராக்களும் தொகையில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் பெயரில் துகள் இல்லாததால் ஆய்வுக்கு உட்படார். 1977 முதல் 2000 வரை முதலமைச்சராக இருந்த ஜோதி பாசுவுக்கும் இதே குடும்பப் பெயர்தான். எழுத்துக்கூட்டல் கணக்கைக் குழப்பும் என்பதால் விலக்கினோம்.

தெற்கே போஸ் நிலைமாற்றம் அடைகிறது. மலேயாத் தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் பார்வர்டு பிளாக்கை மதுரை, இராமநாதபுரம் பக்கம் வேரூன்றச் செய்தார். விளைவு, வங்காளக் குடும்பத்தின் பெயர் தமிழ்ப் பிள்ளையின் சொந்தப் பெயராயிற்று. அப்பா பெயர் முன்னெழுத்தாக ஒட்டிக்கொண்டது. திருப்பரங்குன்றம் எம்.எல்.ஏ.வாக இருந்த ஏ.கே.போஸை நினைத்துக்கொள்க. இசையமைப்பாளர் சந்திரபோஸிடமோ நடுப்பெயரும் கடைப்பெயரும் பிரிக்க முடியாத மூலக்கூறாகவே இறுகிவிட்டன.

இனிச் சோதனை. மதுரைக்காரர் ஒருவர் கொல்கத்தா விடுதியில் அறை கேட்பதாகக் கொள்வோம்.

"பெயர்?"

"போஸ்."

"அது குடும்பப் பெயர், தாதா. உங்கள் பெயர்?"

"போஸ்தாங்க. கே.போஸ்."

"கே என்றால்?"

"கருப்பையா. எங்க அப்பா."

எழுத்தர் நிம்மதியாகப் பதிவேட்டில் எழுதுகிறார்: திரு. கருப்பையா போஸ், அறை ஒன்று, இரவு இரண்டு. அப்பா அந்நேரம் உசிலம்பட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்.